ஒருவன் கரையில், ஒருவன் கடலில்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு கடைசிப் பாடம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்துதான் அதைத் தொடுவோம். மற்ற வாத்தியார்களுக்கு அது லேசான பாடம். நாணயத்தைச் சுண்டு, பகடையை உருட்டு, மார்க்கை அள்ளு. எனக்கு மட்டும் அந்தப் பாடம் நெருங்க நெருங்க எரிச்சல் ஏறும். வகுப்பில் ஜன்னலை மூடச் சொல்லிக் கத்துவேன். மூடினால் புழுங்குகிறதே என்று அதற்கும் கத்துவேன். 'ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்' என்று பலகையில் தலைப்பு எழுதும்போது சாக்பீஸ் உடையும். வருஷா வருஷம் அதே இடத்தில் உடைவதைப் பிள்ளைகள் எப்படியோ தெரிந்துவைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. நாணயத்தைச் சுண்டினால் தலை விழும், இல்லாவிட்டால் பூ விழும். தலையும் பூவும் சேர்ந்து விழாது. ஒன்று நடந்தால் மற்றது அந்த நேரத்தில் நடக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் அந்த நீளமான பெயர். புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே இதை நான் வீட்டில் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் தலை என் அண்ணன், பூ நான்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒரு மார்கழிக் காற்றில் இருவரும் சேர்ந்தே போய்விட்டார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மாவுக்கு அந்தச் சாவில் மனசை விட்டு இறங்காமல் போனது ஒன்றுதான்: இருவரும் ஒரே நாளில். ஒருவராவது மிஞ்சியிருக்கலாம் அல்லவா என்று அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாது. அடுப்பைப் பார்த்துக் கேட்பாள், வாளியைப் பார்த்துக் கேட்பாள்.

கடற்கரையில் பல வீடுகளில் அண்ணன் தம்பியை ஒரே வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆளுக்கொரு வள்ளத்தில் அனுப்புவார்கள். அம்மா அதற்கும் மேலே போனாள். நாங்கள் இருவரும் தொழிலுக்கு இறங்கும் வயது வந்தபோது குசினி வாசலில் நின்றுகொண்டு சட்டம் போட்டாள்.

"ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேரும் ஒரே நாள்ல தண்ணியில கெடக்கக் கூடாது. ஒருத்தன் கடல்ல நின்னா ஒருத்தன் கரையில நிக்கணும். அம்புட்டுதான்."

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருந்தார். அதில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் இடம். முன்பக்கம், அணியத்தில். ஒருநாள் அண்ணன் உட்காருவான், மறுநாள் நான். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, மாதா கோயிலில் பூசைக்குப் போவோம். காய்ச்சல், கல்யாணம், எது வந்தாலும் முறை மாறாது. அம்மா மாற விட மாட்டாள். காற்று சரியில்லை என்று ஒருநாள் தொழில் நின்றால், நின்ற இடத்திலிருந்துதான் முறை மறுபடி தொடங்கும்.

இப்படி ஒருவன் இருக்கும்போது மற்றவன் இல்லாத வீட்டில் எதற்கு இரண்டு சாமான்? ஒரு பாய், மறுநாள் கடலுக்குப் போகிறவனுக்கு; மற்றவனுக்குத் திண்ணை. ஒரு தட்டு. மழைக்கு ஒரு கோட்டு. இரண்டு பேர் உடம்புக்கும் பாயில் ஒரே பள்ளம். ரப்பர் செருப்பும் ஒரு ஜோடிதான். கடலுக்குப் போகிறவனுக்குச் செருப்பு வேண்டாம், கரையில் நிற்பவனுக்குத்தானே வேண்டும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வள்ளத்தை எதிர்பார்த்துக் கரையில் நிற்பேன். அண்ணன் இறங்கி வந்ததும் முதல் வேலையாக என் காலைப் பார்ப்பான்.

"கழத்துல. நாளைக்கு ஒம் மொற."

கழற்றிக் கொடுத்துவிட்டு நான் சுடுமணலில் தத்தித் தத்தி ஓடுவேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் நிதானமாக, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி வருவான். நான் இறங்குகிற நாளில் இதே கூத்து மாற்றி நடக்கும். ஆனால் அவன் ஓட மாட்டான். கால் வெந்தாலும் அதே நிதானத்தோடு நடந்து வருவான். எனக்கு அதில் அவ்வளவு ஆத்திரம் வரும். நானும் ஓடாமல் நடந்து பார்த்திருக்கிறேன். முடியாது.

சும்மா சொல்லக் கூடாது, எங்களுக்குள் நல்ல பிரியம் இருந்தது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து பேசியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் கரையில் செருப்பு மாறுகிற அந்த நேரம், அப்புறம் சாயங்காலம் கொஞ்ச நேரம். இருட்டியதும் அவனோ நானோ மறுநாளுக்காகச் சீக்கிரம் படுத்துவிடுவோம். ஊரிலும் எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. முகச்சாயலும் ஒன்றுதான். "ஏலே, நீ பெரியவனா சின்னவனா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

அந்த நாளில் முறை அண்ணனுடையது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று அவன் எனக்குப் பதிலாகப் போனதும் இல்லை, அவனுக்கு முடியாதபோது நான் தட்டிக்கழித்ததும் இல்லை. மாற்றிப் போனதாக ஒரு கதை இருந்திருந்தால் நெஞ்சில் அடித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான், புதன்கிழமை அவன். புதன்கிழமைதான் அது.

வெயில் ஏறிய நேரம். நான் வீட்டுக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. மாமாவின் வள்ளம் முகத்துவாரத்தில், ஆற்றுத் தண்ணீரும் கடல் அலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில், கவிழ்ந்துவிட்டது. மாமாவும் கூடப்போன இருவரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆளை மட்டும் காணோம். வந்தவர்களுக்கு அது பெரியவனா சின்னவனா என்று தெரியவில்லை. "ஒம் மவன், ஒம் மவன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

யார் முறை என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? விடிவதற்கு முன் அவள்தான் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது, அல்லது மறக்க வேண்டியிருந்தது. நான் ஈரத்துண்டோடு உள்ளே வந்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அலறினாள்.

பெரியவன் போய்விட்டான் என்று அவளுக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. நான் அங்கே நின்றதுதான் அந்தச் செய்தி. எனக்கு ஒன்றும் ஆகாமல், தலையில் தண்ணீர் சொட்ட, முழுசாக நிற்கிறேன். அப்படியானால் அவன் இல்லை. பெற்ற தாய் என் முகத்தைப் பார்த்து அப்படி அலறியதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பக்கத்து ஊர் வள்ளங்களெல்லாம் வந்து தேடின. அவன் உடம்பு கிடைக்கவில்லை. நாள் போகப் போக ஒவ்வொரு வள்ளமாகத் தேடுவதை விட்டுவிட்டுத் தொழிலுக்குத் திரும்பியது. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, ஆத்துமத்துக்காகப் பூசை வைக்கலாமே என்று மெதுவாகப் பேச்செடுத்தார். அம்மா அவரைக் கும்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மரியாதையாகவே மறுத்தாள்.

"அவன் மொற இன்னும் முடியல சாமி. எம் பிள்ள கடல்லதான் நிக்கான்."

சாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் கடலில் நிற்கிறான் என்றால் நான் கரையில் நிற்க வேண்டும். அவன் முறை முடியாதவரை என் முறை வராது. மறுமாதம் நான் மாமாவிடம் பேசி வள்ளத்துக்குக் கிளம்பியபோது அம்மா வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. அதன்பின் தபால் வழியில் படிப்பை முடித்து, தூத்துக்குடியில் பி.எட். படித்து, ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனேன். கடற்கரைப் பையன் படித்து மேலே வந்துவிட்டான் என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள். நான் மேலே வரவில்லை ஐயா, என்னைக் கடலில் இறங்க விடவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த முகம். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் இறங்கி, வாசலில் வந்து நிற்பேன். அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அன்றைக்கு ஈரத்துண்டோடு நின்றவனைப் பார்த்த அதே முகம். அப்புறம் எழுந்து போய்ச் சோறு போடுவாள். ஒரு குறை வைக்க மாட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்குள் நுழைவது அவளுக்கு அந்தச் செய்தி மறுபடியும் வருகிற மாதிரிதான் இருந்தது. எனக்குப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம், பெரியவன் வந்த பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என்னைப் பார்க்கும்போது அவள் என்னைப் பார்க்க வேண்டும். இன்னொருவன் இல்லை என்பதை என் முகத்தில் பார்க்கக் கூடாது. ஒருநாள், ஒருதடவை போதும்.

உச்சி வேளையில் வள்ளங்கள் கரை பிடிக்கும்போது அம்மா தவறாமல் போய் நிற்பாள். மாமாவின் வள்ளத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்ப்பாள். மாமா அவளைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். எல்லோரும் இறங்கிய பிறகும் அணியத்தில் இன்னும் ஒருவன் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். நானும் விடுமுறை நாட்களில் பக்கத்தில் நிற்பேன். என் காலில் அந்தப் பழைய செருப்பு தேய்ந்துபோய், வேறு செருப்பு வாங்கியாயிற்று. இருந்தாலும் வள்ளம் கரையில் முட்டுகிற சத்தம் கேட்டால் என் கால் தன்னால் செருப்பிலிருந்து வெளியே வரும். பழக்கம்தான் என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டாலும் உள்ளங்கால் கூசும்.

போன தை மாதம் அந்தப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து சந்தேகம் கேட்டாள். இரண்டும் சேர்ந்து நடக்காது என்றால் இரண்டில் ஒன்று கட்டாயம் நடந்துதானே ஆக வேண்டும் என்றாள். எல்லாப் பிள்ளைகளும் வருஷா வருஷம் செய்கிற தப்பு இது. நாணயத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதால் வருகிற வினை. நான் பகடையை எடுத்துக் காட்டினேன். ஒன்று விழுந்தால் இரண்டு விழாது, இரண்டு விழுந்தால் ஒன்று விழாது, சரி. ஐந்து விழுந்தால்? ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. விலக்குவது வேறு, ஒன்று நடந்தே தீரும் என்பது வேறு. அவளுக்கு அப்போதும் முகம் தெளியவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டில் அண்ணன் கடலுக்குப் போனால் தம்பி போக மாட்டான், தம்பி போனால் அண்ணன் போக மாட்டான், ஆனால் இருவரும் போகாத நாளும் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவளும் கடற்கரைப் பிள்ளைதான். யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்பாங்க சார்."

எனக்குக் கையில் பகடை வைத்திருப்பதே மறந்துவிட்டது. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்? ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படி விட்டேன்? அம்மா போட்ட சட்டத்திலேயே அது இருந்தது. இரண்டு பேரும் கடலில் இருக்கக் கூடாது என்றுதானே சட்டம். இரண்டு பேரும் கரையில் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? நான் வீட்டில் நிற்பதால் அவன் வீட்டில் இல்லை என்று ஆகாது. இதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் போதும், என் முகம் அவளுக்குச் சாவுச் செய்தியாக இருக்காது என்று தோன்றியது. மீதி வகுப்பை எப்படி நடத்தினேனோ தெரியாது. பஸ்ஸில் உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்த, பைத்தியக்காரன் மாதிரி எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் பேச்செடுத்தேன். இன்றைக்கு ஞாயிறு அல்லவா, முன்பெல்லாம் ஞாயிறு என்றால் நாங்கள் இருவரும் வீட்டில்தானே இருப்போம், ஒரே தட்டில் முதலில் யார் சாப்பிடுவது என்று சண்டை போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்புக்கூட வந்தது. நெருங்கிவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ விவரமில்லாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"கடலுக்குப் போன பிள்ள கர ஏறாம என்னலே ஞாயித்துக்கிழம?"

 அவள் கணக்கு சரிதான். போனவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதானே ஞாயிறு பிறக்கும். எங்கள் வீட்டில் அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பாடத்துக்கு வைத்த வாரப் பரீட்சையின் தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் இரண்டின் நிகழ்தகவையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம், கழிக்க எதுவும் இல்லை. இந்த வரியைப் பிள்ளைகள் தாளுக்குத் தாள் எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனா நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் இழக்கிற வாய்ப்பை அம்மா இல்லாமல் ஆக்கினாள். அது வாஸ்தவம். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தே போயிருந்தால், இடைப்பட்ட நாளெல்லாம் இருவரும் கரையில் இருக்க, அவள் பயமில்லாமல் உறங்கியிருப்பாள். அவள் சட்டத்தில் ஞாயிறு போக எல்லா நாளும் ஒரு பிள்ளை தண்ணீரில் நின்றான். இருவரையும் சேர்த்து இழக்காமல் இருப்பதற்காக, ஒருவனை இழக்கிற நாட்களை அவளே கூட்டிவைத்திருந்தாள். இது அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது. தாள்களைக் கட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் தளர ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், மாமாவை ஒருநாள் யார் என்று கேட்டாள். டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்து, வயசானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் கலைந்துகொண்டிருந்தபோதும் சட்டம் மட்டும் கலையவில்லை. ஒருநாள் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை, கெஞ்சுகிற குரல்.

"எய்யா, நீ கரையில நிக்கதுனாலதான் அவன் வர மாட்டேங்கான். நீ ஒரு நாளு போயேன். அவன் எறங்கி வரட்டும்."

வகுப்பில் அந்த மாணவி செய்த அதே தப்பு. நான் கடலுக்குப் போனால் அவன் கடலில் இருக்க மாட்டான். கடலில் இல்லாவிட்டால் கரையில்தானே இருந்தாக வேண்டும். பிள்ளைகள் எழுதினால் சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவேன். இங்கே என்ன செய்வது? என்னைக் கடலுக்கு விடக் கூடாது என்று வாசலில் குறுக்கே படுத்தவள், இப்போது அவளே போ என்கிறாள். இவள் என்னைக் கொடுத்து அவனைக் கேட்கிறாளா? நினைத்த மாத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, என்னை ஒருநாள் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த வலையை மடித்துவைத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முகத்துவாரத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் தான் எஞ்சினைக் கொஞ்சம் அமர்த்துவதாகவும், அது யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். அணியத்தில் வழக்கமாக இருக்கிறவர் அன்றைக்கு எனக்காக இடம் விட்டார்.

விடியும் முன்பே கிளம்பினோம். பழைய பழக்கத்தில் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கரைக்கு வரவில்லை. அந்த இடத்தில் மாமா எஞ்சினை அமர்த்தினார். தண்ணீர் வள்ளத்தின் பக்கங்களில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.  பிறகு வெளியே போனோம்.

நன்றாக விடிந்த பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தேன். கோயில் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது, அதன் கீழே கோடு கிழித்தது போல் வீடுகள். நான் கடலில் இருக்கிறேன், ஆகவே அவன் கடலில் இல்லை. இந்த வாக்கியம் எனக்குள் தன்னால் ஓடியது. நான் கணக்கு வாத்தியார், இதில் உள்ள ஓட்டை எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கரையில் யாரோ ஒருவன் செருப்புப் போட்டுக்கொண்டு நிதானமாக நடக்கிறான் என்று தோன்றியது. அந்தத் தூரத்துக்கு ஆளே தெரியாது. எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் நான் கரைப் பக்கம் திரும்பவே இல்லை.

உச்சி வெயிலில் கரை பிடித்தோம். அம்மா அங்கே இல்லை. அவள் இல்லாமல் அந்த வள்ளம் கரையேறியதை நான் பார்த்ததே இல்லை. நான் கழற்றிப் போட்ட இடத்தில் செருப்பும் இல்லை.  சுடுமணலில் ஓடினேன்.

செருப்பு வீட்டு வாசலில் இருந்தது. இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து, உள்ளே போகிறவன் கழற்றிவிட்ட மாதிரி. அம்மாதான் எடுத்து வந்திருப்பாள். வேறு யார்? கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாய் விரித்து, அந்தப் பழைய தட்டில் சோறும் குழம்பும் போட்டு, எதிரில் அம்மா உட்கார்ந்து பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அல்ல, தட்டுக்கு அந்தப் பக்கம். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பா போவதற்கு முன்னால் அப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. வேண்டுமென்று இத்தனை வருஷம் நான் ஏங்கின முகம் அதுதான். அது என் வீட்டில்தான் இருந்திருக்கிறது, நான் இல்லாத நேரத்தில்.

என் நிழல் பாயில் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். அந்த முகம் போய்விட்டது. அதே பழைய முகம் வந்தது.

"ஏம்ல அதுக்குள்ள வந்த? இப்பத்தான் அவன் சோத்துல கை வச்சான்."

தட்டைப் பார்த்தேன். சோற்றில் ஓர் ஓரம் கலைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் பகடையைப் பற்றியும் சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. ஆனால் அவன் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். செருப்பை எடுக்கவில்லை.

மணல் நெருப்பாகக் கொதித்தது. இந்தத் தடவை ஓடவில்லை. மெதுவாக நடந்து போய், கரையேற்றிப் போட்டிருந்த வள்ளத்தில் ஏறி அணியத்தில் உட்கார்ந்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மாமா, வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டார்.

"அண்ணன் சாப்பிடுதான் மாமா," என்றேன்.

அவர் வலையை ஓரமாகத் தள்ளி எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.